டெல்லியிலிருந்து வரும் புயல் அறிக்கை: ஐந்தாறு பருவமாகப் படிப்பவளின் விமர்சனம்

கடலூர் முதுநகரில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பிரிண்ட், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம், இவ்வளவுதான் வேலை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். வங்கக்கடலில் ஏதாவது உருவானால் டெல்லியிலிருந்து வரும் புயல் அறிக்கையை எடுத்து, அதில் தேவையான பக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டு மாமாவிடம் கொடுப்பேன். அவர் அதைக் கொண்டுபோய் மீன் ஏலக்கொட்டகைத் தூணில் ஒட்டுவார். ஐந்தாறு பருவமாக இப்படித்தான் போகிறது. எல்லோரும் ஆப்களுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள், இந்த இலவச பிடிஎஃப்பைப் பற்றி ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். புயலைக் கண்காணிக்க உலக வானிலை அமைப்பு ஆறு மண்டல சிறப்பு மையங்களை வைத்திருக்கிறது. மயாமி, டோக்கியோ மாதிரி ஊர்களில் இருக்கும் அந்த மையங்களில் ஒன்று டெல்லியில், நம் இந்திய வானிலை ஆய்வு மையத்திலேயே இருக்கிறது. வங்கக்கடல், அரபிக்கடல் இரண்டுக்கும் இவர்கள்தான் பொறுப்பு. நமக்கு மட்டும் இல்லாமல் இலங்கை, வங்கதேசம், மியான்மர், ஓமன் என்று 13 நாடுகளுக்கும் இங்கிருந்துதான் போகிறது. கடல் சும்மா இருக்கும் நாளிலும் தினம் ஒரு பொது அறிக்கை வரும். தாழ்வு மண்டலம் ஆகிவிட்டால் ஒரு நாளைக்கு ஐந்து முறை, புயலாகிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, கரையை நெருங்கும் நாளில் மணிக்கு ஒரு முறை. பணம் கிடையாது, லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது. சுமாரான நெட்டிலும் இறங்கிவிடும், ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் கரண்ட் போனாலும் டவர் போனாலும் போனில் இருக்கும்.

குறை என்றால், பார்க்க நன்றாக இருக்காது. மொத்தமும் ஆங்கிலம், வாக்கியங்கள் நீளம், பக்கத்துக்குப் பக்கம் வரைபடம். முதல் தடவை திறந்தவர்கள் மூடிவிட்டுப் போய்விடுவார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் இரண்டு நிமிட வேலை.

முதல் பத்தியில் மையம் எங்கே இருக்கிறது என்பது அட்சரேகை, தீர்க்கரேகையோடு இருக்கும். கடந்த ஆறு மணி நேரத்தில் எந்தப் பக்கம், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது, நாகப்பட்டினத்திலிருந்து, புதுச்சேரியிலிருந்து, சென்னையிலிருந்து எவ்வளவு தூரம், எல்லாம் அந்தப் பத்தியிலேயே வந்துவிடும். படிக்காதவர்களுக்கு இது எப்படிப் புரியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மீனவர்கள் படகில் ஜிபிஎஸ் வைத்துத்தான் தொழில் செய்கிறார்கள். வலை போட்ட இடம், பாறை இருக்கும் இடம், எல்லாம் அவர்களுக்கு எண்தான். மாமா ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், ஆனால் எண்ணைச் சொன்னால் கடலில் அந்த இடம் எங்கே என்று கையை நீட்டிக் காட்டுவார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அறிக்கையில் 11.7 என்று புள்ளி வைத்துப் போடுவார்கள், படகு ஜிபிஎஸ்ஸில் 11 டிகிரி 42 நிமிடம் என்று வரும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை ஆறால் பெருக்கினால் நிமிடம் கிடைத்துவிடும், ஏழு ஆறு நாற்பத்திரண்டு, அவ்வளவுதான். இதைச் சிவப்புப் பேனாவில் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன். அட்சரேகையில் 0.1 என்பது ஏறக்குறைய 11 கிலோமீட்டர். கடலூர் 11.7, புதுச்சேரி 11.9. புயல் கரைக்கு வரும் இடத்தின் எண் 11.7ஐ விடப் பெரிதாக இருந்தால் நமக்கு வடக்கே போகிறது, சின்னதாக இருந்தால் தெற்கே. தூணைச் சுற்றி நிற்பவர்கள் முதலில் விரல் வைத்துத் தேடுவது இந்த எண்ணைத்தான்.

அடுத்தது அட்டவணை. இன்றைக்கு இந்த மணிக்கு இங்கே, இத்தனை வேகம், இந்த வகை, ஆறு மணி நேரம் கழித்து இங்கே, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இங்கே என்று வரிசையாக இருக்கும். இந்த அட்டவணைதான் என் பிரிண்டில் பெரிய எழுத்தில் வரும். சில அறிக்கையில் வேகம் 'நாட்' (knot) என்ற கடல் கணக்கில் இருக்கும், 1.85ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைத்துவிடும். 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல், அதற்கு முன்னால் 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 89 என்றால் தீவிரப் புயல், 118 என்றால் மிகத் தீவிரப் புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூரைச் சாய்த்த தானே புயல் இந்தக் கடைசி வகை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு 118 என்ற எண்ணுக்கு விளக்கம் தேவைப்படாது.

அட்டவணையைவிட எனக்குப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது, அதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். புயல் வலுக்குமா வலுக்காதா என்று இவர்கள் யோசித்த யோசனையையே எழுதியிருப்பார்கள். கடலின் மேற்பரப்பு எவ்வளவு சூடு (26.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் புயலுக்குத் தீனி), கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் அடிக்கும் காற்று மேகக் கூட்டத்தைப் பிய்க்கிறதா, வறண்ட காற்று உள்ளே நுழைகிறதா, கணினியில் கணிக்கும் மாடல்களில் எது வலுக்கும் என்கிறது, எது கலைந்துவிடும் என்கிறது, எல்லாம் அங்கே இருக்கும். டி 1.5, டி 2.0 என்று ஒரு எண்ணும் வரும். வெர்னான் டுவோராக் என்ற அமெரிக்கர் 1970களில் வகுத்த முறை அது. நடுக்கடலில் போய் யாரும் காற்றை அளக்க முடியாது, அதனால் செயற்கைக்கோள் படத்தில் மேகம் மையத்தைச் சுற்றி எவ்வளவு சுருண்டிருக்கிறது என்று பார்த்து வலுவுக்கு ஒரு எண் கொடுக்கிறார்கள். 2.0 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 2.5 என்றால் புயல், 3.5 தீவிரப் புயல். பெயர் வைப்பதற்கு முன்னால் இந்த எண் ஏறுகிறதா என்று நான் பார்த்துவிடுவேன்.

ஃபெஞ்சல் புயல் சமயத்தில் இந்தப் பகுதிதான் எங்களுக்கு உதவியது. 2024 நவம்பர் 25இல் தாழ்வு மண்டலம், 26இல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 27ஆம் தேதி புயலாகும் என்று எதிர்பார்ப்பு, ஆகவில்லை. இலங்கைக் கரையை ஒட்டி மிக மெதுவாக, சில நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. டிவியில் அதற்குள் ஃபெஞ்சல், ஃபெஞ்சல் என்று ஆரம்பித்துவிட்டார்கள், ஆனால் சவுதி அரேபியா கொடுத்த அந்தப் பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 29ஆம் தேதி மதியம் புயலான பிறகுதான். நடுவில் 28ஆம் தேதி, கரைக்கு வரும்போது வலு குறைந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகத்தான் கடக்கும் என்று அறிக்கை மாறியது. ஊரில் பாதிப் பேர் அன்றைக்கே நிம்மதி ஆகிவிட்டார்கள். மறுநாள் மதியம் திரும்பவும் மாறி, புயலாகவே கடக்கும், 70 முதல் 80 வேகம், இடையிடையே 90 என்று வந்தது.

இதைச் சொல்லித்தான் பலர் திட்டினார்கள், தினம் ஒன்று சொல்கிறார்கள் என்று. நான் அப்படி நினைக்கவில்லை. பாதையைக் கணிப்பதைவிட வலுவைக் கணிப்பது எப்போதுமே கஷ்டம், அதுவும் எல்லைக் கோட்டில் ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றை. 28ஆம் தேதி அறிக்கையிலும் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற வரி அப்படியேதான் இருந்தது, காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கடக்கும் என்பதும் அப்படியே இருந்தது. மாறியது ஒரு எண், ஏன் மாறியது என்பதையும் எழுதியே வைத்திருந்தார்கள். அதை மாமாவிடம் படித்துச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "கரைக்கு வரதுன்றது மாறலியே பாப்பா?" மாறவில்லை மாமா என்றேன். அன்றைக்கு சாயந்திரமே டிராக்டர் கூப்பிட்டு ஃபைபர் படகை மேட்டுக்கு இழுத்து, இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இனி என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் நான் ஒரு வானிலை ஆப்புக்குப் பணம் கட்டியிருந்தேன். பெயர் வேண்டாம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், கடலில் ஒரு கோடு, கோட்டின் மேல் மணி, நம் ஊருக்கு என்று தனியாக அலர்ட். 30ஆம் தேதி காலையிலிருந்தே காற்றும் மழையும். மதியம் கடக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். நாலு மணி சுமாருக்கு அந்த ஆப்பிலிருந்து ஒரு அலர்ட் வந்தது, புயல் உங்கள் பகுதியைக் கடந்துவிட்டது என்று. அந்த நேரம் பார்த்து மழையும் கொஞ்சம் விட்டிருந்தது. நான் மாமாவுக்குப் போன் போட்டு, தாண்டிடுச்சாம் மாமா என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே படகைப் பார்க்கக் கரைக்குக் கிளம்பிவிட்டார்.

புயல் அப்போது கடலில்தான் இருந்தது. கரையைத் தொடும் வேலையே சாயந்திரம் ஐந்தரைக்குத்தான் ஆரம்பித்தது, மையம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில். அந்த ஆப் பழைய கணிப்பில் இருந்த மணியை வைத்துக்கொண்டு, மணி ஆனதும் தானாக அலர்ட் அனுப்பியிருக்கிறது, புயல் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்க்கவே இல்லை. மணிக்கொரு தடவை வந்த டெல்லி அறிக்கையில் கரையிலிருந்து இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று அப்போதும் போட்டிருந்தார்கள். அது என் போனிலேயே இருந்தது, நான் திறக்கவில்லை. வலைக்கொட்டகைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து மாமாவின் முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. நாலு தையல். இன்னும் ஒரு முழம் மேலே பட்டிருந்தால் கழுத்து. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை. அந்த ஆப்பை அன்றைக்கு ராத்திரியே அழித்துவிட்டேன்.

ஆகவே ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த அறிக்கையிலும் ஆப்பிலும் கணிப்பு வேறு, இப்போது எங்கே இருக்கிறது என்பது வேறு. கடக்கும் நாளில் கணித்த மணியைப் பார்க்காதீர்கள், கடைசியாக மையம் இருந்த இடத்தையும் அதை எடுத்த நேரத்தையும் பாருங்கள்.

காற்றின் திசையும் இதைச் சொல்லிவிடும், இது மாமா அவர் அப்பாவிடம் கற்றது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். மையம் நமக்குக் கிழக்கே கடலில் இருக்கும் வரை வாடைதான் அடிக்கும், வடக்கிலிருந்து. மையம் நமக்கு வடக்கே போய்க் கரை ஏறிவிட்டால் காற்று மேற்கே திரும்பிவிடும், நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். அன்றைக்கு அவர் கரையில் நின்றபோது காற்று இன்னும் வடக்கில்தான் இருந்தது, தாண்டிவிட்டது என்று நான் சொன்னதை நம்பியதால் அதைக் கவனிக்கவில்லை என்று அப்புறம் சொன்னார். புயல் கூண்டிலும் இதே கணக்குதான் இருக்கிறது. 5ஆம் எண் ஏற்றினால் துறைமுகம் புயல் பாதைக்கு இடது பக்கம் இருக்கிறது, 6 என்றால் வலது பக்கம், 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிகப் பக்கத்தில். கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயலுக்கு இடது பக்கம் தெற்கு. கடல் கரைக்குள் ஏறுவது அதிகமும் வலது பக்கத்தில், அதாவது வடக்கே. ஃபெஞ்சலில் நாங்கள் இடது பக்கம் மாட்டியதால் கடல் எங்களை விட்டுவிட்டது.

மற்ற ஆப்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். விண்டி எனக்குப் பிடிக்கும், ஐரோப்பிய மாடலையும் அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ் மாடலையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் கொஞ்சம் நம்பலாம், ஆளுக்கொரு பக்கம் காட்டினால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று அர்த்தம். ஆனால் அது மாடல் போட்ட படம், மனுஷன் உட்கார்ந்து எடுத்த முடிவு அதில் இல்லை. பத்து நாள் கழித்துச் சென்னையில் புயல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படமெல்லாம் பெரும்பாலும் இப்படி ஒரு மாடல் ஒரே ஒரு தடவை போட்ட கணக்கைப் பிடித்து அனுப்புவதுதான். ஜூம் எர்த்தில் மேகத்தைப் பார்க்க அருமையாக இருக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதில் நம் பக்கப் புயலுக்கு வரும் வேகம் அமெரிக்கக் கடற்படை மையத்துடையது, அவர்கள் ஒரு நிமிடச் சராசரி எடுப்பார்கள், டெல்லி மூன்று நிமிடச் சராசரி. அதனால் அங்கே எண் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். டெல்லி குறைத்துச் சொல்கிறது, மறைக்கிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால் இதைச் சொல்லுங்கள்.

டெல்லி அறிக்கையின் படத்தில் பாதையைச் சுற்றி, மையம் எவ்வளவு தள்ளிப்போகலாம் என்று காட்ட ஒரு கூம்பு வரைந்திருப்பார்கள். எல்லோரும் நடுக்கோட்டைத்தான் பார்க்கிறார்கள். 24 மணி நேரத்துக்கு முந்தைய கணிப்பில் மையம் சராசரியாக 70, 80 கிலோமீட்டர் தள்ளிப்போகும், மூன்று நாளுக்கு முன்னால் என்றால் 150ஐத் தாண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருப்பதே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். கோடு புதுச்சேரியில் இருக்கிறது, நமக்கு இல்லை என்று கடலூர்க்காரர் ஒருவர் சொன்னால் அவர் கூம்பைப் பார்க்கவில்லை.

இந்த அறிக்கையில் கிடைக்காத ஒன்று ஆற்று வெள்ளம். ஃபெஞ்சல் கரை ஏறியதும் போய்விடவில்லை, புதுச்சேரி பக்கத்திலேயே மணிக்கணக்கில் நின்றது, அங்கே 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்புறம் மெல்ல உள்ளே போய் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். அந்தத் தண்ணீர் எல்லாம் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சத்து 68 ஆயிரம் கனஅடி வரை திறந்து, டிசம்பர் 2ஆம் தேதி எங்கள் பக்கம் தாழங்குடா, கண்டக்காடு எல்லாம் முங்கியது. கடலைப் பார்த்துக் காவல் இருந்தோம், தண்ணீர் முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. புயல் அறிக்கை புயலுக்கானது, அணையும் ஆறும் அதில் வராது. கன மழை எந்த மாவட்டத்தில் என்பது அதிலேயே இருக்கும், ஆற்றின் மேல்பக்கத்து மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தால் கீழே இருப்பவர்கள் மத்திய நீர்வளக் குழுமத்தின் வெள்ள அறிவிப்பையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நான் இரண்டையும் ஒரே தாளில் பிரிண்ட் போடுகிறேன்.

தமிழில் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னை நுங்கம்பாக்கத்து மண்டல மையம் தமிழிலும் அறிக்கை வெளியிடுகிறது, சுருக்கமாக இருக்கும், வீட்டுக்கு அது போதும். ஆனால் எதனால் வலுக்கும், எதனால் வலு குறையும் என்ற அந்த யோசனைப் பகுதி தமிழில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். எங்கள் ஏலக்கொட்டகையில் அதைப் படித்து விவாதிக்க ஆள் இருக்கிறார்கள்.

கடைசியாக, சும்மா இருக்கும் நாளில் வரும் அந்தத் தினசரி அறிக்கையை விட்டுவிடாதீர்கள். அதில் அடுத்த ஏழு நாளுக்கு, நாளுக்கு ஒரு கட்டமாக, தாழ்வு மண்டலம் உருவாக வாய்ப்பு இருக்கிறதா என்று நில் (Nil, வாய்ப்பே இல்லை), லோ (குறைவு), மாட் (நடுத்தரம்), ஹை (அதிகம்) என்று நாலு சொல்லில் போட்டிருப்பார்கள். 2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது, போட்டில் போனவர்கள் ஏற்கனவே ஆழ்கடலில் இருந்தார்கள், குமரியிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவே இல்லை. கரைக்கு வந்த பிறகு படிக்கிற அறிக்கை கடலில் இருப்பவருக்கு உதவாது, கிளம்புவதற்கு முன்னால் படிக்க வேண்டியது இந்த நாலு சொல்லைத்தான். தங்கல் தொழிலுக்குப் போகும் போட்டுக்காரர்கள் ஐஸ் ஏற்றுவதற்கு முன்னால் கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். மாமா பருவம் முடியும் வரை தினமும் மதியம் போன் போடுவார், சாப்பிட்டியா என்றுகூடக் கேட்க மாட்டார். "இன்னிக்கு நில்லா, லோவா பாப்பா?"